ஊமை டேக்கை ஒழிக்கும் தீர்மானத்தின் மேல் பேசியது

பத்து நிமிடத்துக்கு மேல் ஒருவரும் பேசக் கூடாது என்று சட்டம் இயற்றிவிட்டு, அந்தச் சட்டத்தை விளக்குவதற்கே முப்பத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்ட காலம் வென்ற தலைவர், செங்கல்பட்டு வட்டாரக் கைப்பேசி விற்போர் மற்றும் பழுதுநீக்குவோர் நலச் சங்கத்தின் தலைமைப் பீடத்தை அலங்கரிக்கும் அண்ணன் வாசுதேவன் அவர்களே. கைப்பேசி என்பது கருங்கல் கனத்தில் இருந்த காலத்திலேயே அதைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, வலது தோள் இடது தோளைவிட இரண்டு அங்குலம் இறங்கிப்போன மூத்த பெருமக்களே. கடையில் நாங்கள் பழுது பார்த்த கைப்பேசிகளைக் காட்டிலும் அதிகத் தடவை எங்களைக் கழற்றிப் பழுது பார்த்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே. ஒரு குமிழி விழாமல் கண்ணாடி ஒட்டிவிட்டால் உலக உருண்டைக்கே உறை போட்டுவிட்டதாக மகிழும் இளைய தம்பிமார்களே. குட்டியானை என்று நாம் செல்லமாக அழைக்கும் சின்ன லோடு வண்டியில் இந்த மண்டபத்துக்கு நாற்காலி ஏற்றி வந்து, இறக்கிய பிறகும் வீட்டுக்குப் போகாமல், பேச்சுக் கேட்பதற்கென்றே கடைசி வரிசையில் நின்றுகொண்டிருக்கும் கருப்பன் அண்ணாத்த அவர்களே. உங்கள் அனைவருக்கும் இந்த அப்துல் சுபஹானின் அடக்கமான, அகலமான, ஆறு மாவட்டத்தில் அடங்காத வணக்கம்.

தலைவர் அவர்கள் சற்று முன் வாசித்த தீர்மானம் ஒரே வரி. நம் சங்கத்து உறுப்பினர் எவரும் டேக்கின் சத்தத்தை எடுக்கக் கூடாது. அவ்வளவுதான். இதைக் கொண்டுவந்தவன் நான். இதை எதிர்த்துப் பேச ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆறு பேரும் எனக்கு வேண்டியவர்கள். அதில் நான்கு பேருக்குச் சத்தத்தை எடுக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்த குருநாதரும் நானேதான். தீயை மூட்டியவனே தீயணைப்பு வண்டியில் வந்து இறங்குகிறானே என்று நீங்கள் முணுமுணுப்பது மேடைவரை கேட்கிறது. முணுமுணுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

டேக் என்றால் என்ன? கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே உலை வைத்திருக்கும் சமையல்காரர்களுக்காகச் சொல்கிறேன். நாணயம் போல ஒரு வில்லை. சாவிக் கொத்தில் மாட்டலாம், பையில் போடலாம், வண்டியில் ஒளிக்கலாம். அந்த வில்லைக்குக் கால் இல்லை, கண் இல்லை. ஆனால் வழியில் போகிற வருகிற அந்நியர் கைப்பேசியின் காதை எல்லாம் கடிக்கும். "நான் இங்க கீறேன், என் மொதலாளியாண்ட சொல்லிடு" என்று சொல்லும். அந்தக் கைப்பேசியும் தன் சொந்தக்காரருக்கே தெரியாமல் போய்ச் சொல்லிவிடும். ஒரு தெருவில் நடந்ததை மறு தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் திருப்பணியை நம் ஊர் ஆயிரம் ஆண்டுகளாகச் சம்பளமில்லாமல் செய்துவருகிறது. அதையே இவர்கள் ஒரு பொத்தானுக்குள் அடைத்து விற்கிறார்கள்.

ஆனால் செய்தவர்கள் முட்டாள்கள் அல்ல. பொருளைப் பின்தொடரும் வில்லை ஆளையும் பின்தொடராதா? தொடரும். ஆகவே ஒரு காவலும் வைத்தார்கள். வேறொருவருடைய டேக் உங்களோடு கூடவே நெடுந்தூரம் வந்தால், உங்கள் கைப்பேசி உங்களை எச்சரிக்கும். திரையில் ஒரு பொத்தான் வரும். அதை அமுக்கினால், ஒளிந்திருக்கும் டேக் குருவி போலக் கத்தும். கத்துகிற இடத்தில் கையை விட்டால் கள்ளன் கையில் அகப்படுவான். அமுக்கு, கேள், எடு. மூன்றே சொல்லில் ஒரு காவல் நிலையம்.

நல்ல ஏற்பாடுதானே? இதில் எங்கே வந்தது வம்பு? வந்தது, பொத்தேரியிலிருந்து.

என் அக்கா மகன் முபஷ்ஷிர் அங்கே மாணவர் விடுதிகளுக்குப் பக்கத்தில் பரோட்டாக் கடை நடத்துகிறான். அவன் வீசுகிற பரோட்டா, வீசிய பிறகு கீழே வருவதற்குள் ஒரு மாணவன் பட்டம் வாங்கிவிடுவான், அவ்வளவு உயரம். அவன் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் நான்தான் ஒரு டேக் வைத்துக் கொடுத்தேன். ஒரு காலை நேரம், இவன் மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது ஸ்கூட்டர் போய்விட்டது. நாங்கள் கலங்கவில்லை. வரைபடத்தைத் திறந்தோம். புள்ளி தெற்கே ஓடுகிறது. நாங்களும் ஓடினோம். புள்ளி வேடந்தாங்கலில் போய் நின்றது. பெரிதாக்கிப் பார்த்தால் ஏரிக்கு நடுவில் நிற்கிறது.

"மாமா, வண்டி தண்ணில கீது."

"நீந்துதா?"

"நின்னுகினு கீது."

கூழைக்கடா ஒன்று ஸ்கூட்டரைக் கவ்விக்கொண்டு போய்க் கூட்டில் வைத்துவிட்டது என்ற முடிவுக்கு நான் வந்தேன். அதன் அலகைப் பார்த்தவர்கள் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். போய்ப் பார்த்தால் ஏரிக்கரையில் ஒரு வேன். வேனுக்கு முன்னால், பறவை பார்க்க வந்த கல்பாக்கத்து ஓய்வு பெற்ற விஞ்ஞானிகள் எட்டுப் பேர், கழுத்தில் தொலைநோக்கி, கையில் நோட்டு. முபஷ்ஷிர் நேராகப் போனான்.

"சார், வண்டிய குடுத்துடுங்க. போலீசு வேணாம், நமக்குள்ள முடிச்சிக்கலாம்."

அதில் மூத்தவர் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "தம்பி, இருபது நிமிஷமா அரிவாள் மூக்கனுக்காக நிக்கறோம். வண்டி, கிண்டி எதுவா இருந்தாலும் கொஞ்சம் மெதுவாப் பேசு."

டேக் அவர்களுடைய முறுக்குப் பைக்குள் இருந்தது. நடந்தது இதுதான். திருடனுடைய கைப்பேசி திருடனை எச்சரித்திருக்கிறது. அவன் பொத்தானை அமுக்கியிருக்கிறான். டேக் நாணயமாகக் கத்தியிருக்கிறது. அவன் அதை எடுத்து, டீக்கடையில் நின்ற வேனுக்குள் போட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட்டான். முபஷ்ஷிரின் ஸ்கூட்டர் இன்றுவரை கிடைக்கவில்லை. விஞ்ஞானிகளுக்கு அரிவாள் மூக்கன் கிடைத்துவிட்டது. அன்றைக்கு அந்தக் கரையில் வெற்றி பெற்ற கட்சி அது ஒன்றுதான்.

அந்தக் கோபத்தோடு கடைக்கு வந்தேன். யோசித்தேன். திருடனுக்குக் காட்டிக்கொடுத்தது எது? சத்தம். சத்தம் எங்கே இருக்கிறது? உள்ளே, உளுந்தளவு ஸ்பீக்கரில். மாமல்லபுரத்தில் மலையைக் குடைந்து ரதம் செய்தார்கள். செங்கல்பட்டில் நான் ஒரு வில்லையைக் குடைந்து மௌனம் செய்தேன். மூடியை நெம்பி, உளுந்தைப் பிடுங்கி, மூடியை ஒட்டி, விளிம்பில் கத்தி பட்ட கீறலோடு கையில் எடுத்தால், ஊமை டேக். பொத்தானை அமுக்கினாலும் பேசாது. பூகம்பம் வந்தாலும் பேசாது. ஒரு மாதத்தில் உங்களில் பாதிப் பேர் என் கடைப் பலகையில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டு போனீர்கள். தலைவர் அவர்கள் எதற்காக மேலே சுழலும் மின்விசிறியை ஆராய்கிறார் என்று எனக்குத் தெரியும். நீங்களும்தான் வந்தீர்கள், அண்ணே.

இதனால் பலன் இல்லையா? உண்டு. அதை மறைத்துவிட்டு நான் வாக்குக் கேட்டால் அது வாக்கு அல்ல, வழிப்பறி. பலன் அதோ கடைசி வரிசையில் நிற்கிறது. கருப்பன் அண்ணாத்தையின் குட்டியானை சிங்கப்பெருமாள் கோயிலில் காணாமல் போனது. நான் போட்ட ஊமை டேக் அதன் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்தது. மறுநாள் பகலில் மதுராந்தகம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியையும் பிடித்தார்கள், ஓட்டிப் போனவனையும் பிடித்தார்கள். காவல் நிலையத்தில் அவன் கொடுத்த வாக்குமூலத்தைப் பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன்.

"போனு சொல்லிச்சு சார், ஏதோ டேக்கு கூட வருதுன்னு. அமுக்கினேன். சத்தம் வரல. மறுக்கா அமுக்கினேன். வரல. இன்னாடா இது, போனு பொய் சொல்லுதுன்னு வுட்டுட்டேன்."

கருப்பன் என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். என்னைத் தூக்குவது எளிதல்ல. குட்டியானையே ஒரு முறை மறுத்திருக்கிறது.

அந்த வாக்குமூலத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போன் சொன்னது, அமுக்கினேன், சத்தம் வரவில்லை, போன் பொய் சொல்கிறது என்று விட்டுவிட்டேன். நான்கே துண்டு. அதைக் கேட்டு நான் கைதட்டிச் சிரித்தேன்.

புகழ் பரவியது. புகழ் பரவினால் வாடிக்கையாளர் வருவார். ஒருநாள் ஒருவர் வந்தார். இஸ்திரி குலையாத வெள்ளைச் சட்டை, தேன் ஒழுகும் பேச்சு. அவர் பெயரை நான் இந்த ஒலிபெருக்கியில் சொல்லி அதற்கு ஊர்வலம் எடுக்கப் போவதில்லை. "பாய், ரெண்டு வாட்டி பைக்கு பூட்ச்சு. சத்தம் வராத டேக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார். பைக் எண் கேட்டேனா? கேட்கவில்லை. வண்டி எங்கே நிற்கிறது, கொண்டு வாருங்கள், நானே மாட்டித் தருகிறேன் என்றேனா? சொல்லவில்லை. திருட்டுக்கு எதிரான போரில் படைத்தளபதி நான். படையில் சேர வருகிறவனிடம் பிறப்புச் சான்றிதழா கேட்பது? நெம்பினேன், பிடுங்கினேன், ஒட்டினேன், கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் வந்தாள். பெயர் ஜாய்ஸ். திருக்கழுக்குன்றத்துப் பக்கம் வீடு. கல்பாக்கத்தில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் கருவிகளைப் பராமரிக்கும் டெக்னீஷியன். வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, அதை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, அங்கிருந்து ஊழியர் பேருந்தில் போவாள். அவளுடைய பெயரையும் கதையையும் இங்கே சொல்லலாமா என்று போன வாரம் அவளிடமே கேட்டேன். "பேரோட சொல்லுங்க. நான் ஏன் மறைஞ்சிக்கணும்" என்றாள். ஆகவே சொல்கிறேன்.

"அங்கிள், இந்த போன் பொய் சொல்லுது."

"போன் பொய் சொல்லாதும்மா. வித்தவன்தான் சொல்லுவான்."

அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்குச் சிரிக்காதவர்களை நான் எப்போதும் கவனிப்பேன். அன்று கவனிக்கவில்லை.

"யாரோ டேக்கு கூடவே வருதுன்னு சொல்லிகினே கீது. அமுக்கினா சத்தமே வரல. பையக் கொட்டிப் பாத்துட்டேன், டிபன் கேரியரக்கூட கழட்டிப் பாத்துட்டேன்."

"எப்ப வருது?"

"வேலைக்குப் போயிகினு வந்துகினு இருக்கும்போது."

"ஸ்டாஃப் பஸ்ஸா? எத்தினி பேரு?"

"அம்பது பேரு."

"அதுல பத்து பேரு பையில டேக்கு இருக்கும். தெனம் அதே பஸ்ஸு, அதே சீட்டு, அதே டேக்கு. உன் போனு புதுசு இல்ல, அதுக்கு ஒண்ணும் புரியல, பயந்துக்குது. எந்த டேக்க கூப்புடறோம்னு அதுக்கே தெரியல, அப்புறம் எப்டி சத்தம் வரும்?"

எவ்வளவு எடுப்பான விளக்கம் பாருங்கள். கல்பாக்கத்துப் பேருந்தில் போகிறவர்கள் பலர் இதே புகாரோடு நம் கடைகளுக்கு வந்திருக்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரரின் சாவிக் கொத்துதான் காரணம் என்று நாம் சொல்லி அனுப்பியிருக்கிறோம். பல தடவை அதுதான் உண்மையும்கூட. பல தடவை உண்மையாக இருந்த பதிலை எல்லாத் தடவைக்கும் சொல்லுவது நம் தொழில் பழக்கம்.

"ஞாயித்துக்கெழமையும் வருது அங்கிள். அன்னிக்கி பஸ்ஸே கெடயாது."

"ஏன், சர்ச்சுக்கு வர்றவங்க டேக்கு வெச்சிக்கக் கூடாதா?"

இதைச் சொன்னேன். சொன்ன வாய் இதுதான். சொல்லிவிட்டு இன்னொன்றும் செய்தேன். "இந்தத் தொந்தரவே வேணாம்" என்று சொல்லி, அவள் கைப்பேசியில் அந்த எச்சரிக்கையையே அணைத்துக் கொடுத்தேன். இரண்டு விரல், மூன்று நொடி. வீட்டில் நாய் குரைத்தது, நான் நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

மதியம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி ஹபீபா பரிமாறினாள். போனுக்குப் பயந்த பெண்ணின் கதையை நகைச்சுவையாக எடுத்துவிட்டேன். ஹபீபா கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அவள் கரண்டியைக் கீழே வைத்த நாட்களை நான் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

"ஏங்க, எந்த டேக்குக்கு அமுக்கினா சத்தம் வராது?"

"பேட்டரி தீந்த டேக்குக்கு."

"பேட்டரி தீந்துட்டா, அது கூடவே வருதுன்னு போனுக்கு எப்டி தெரியும்?"

"தெரியாது."

"வேற எந்த டேக்குக்கு வராது?"

"சத்தம் எடுத்த டேக்குக்கு."

"இந்த ஊர்ல சத்தத்த எடுக்கறது யாரு?"

தொண்டையில் முள் நின்றது. அன்று வைத்தது பருப்பு. பருப்பில் முள் இருக்காது என்பவர்கள் ஹபீபாவிடம் கேள்வி வாங்காதவர்கள்.

கையைக் கழுவினேன், கடையைப் பூட்டினேன், இருவரும் கிளம்பினோம். திருக்கழுக்குன்றத்தில் வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்தவர் ஜாய்ஸின் தாயார் ரெபேக்காள். ஒரு பள்ளியில் சத்துணவு சமைப்பவர். நாங்கள் வந்த காரியத்தைச் சொல்லி முடிக்கும்வரை அசையாமல் கேட்டார். பிறகு மேசைமேல் இருந்த ஒரு காகிதத்தை ஹபீபாவிடம் கொடுத்தார். ராஜினாமாக் கடிதம். திங்கட்கிழமை கொடுப்பதற்கு.

"நாந்தான் எழுதச் சொன்னேன்" என்றார் ரெபேக்காள். "ஒர்த்தன் பொண்ணு கேட்டு வந்தான். வேணாம்னு சொல்லிச்சு. அதுலர்ந்து இவ போற எடத்துக்கெல்லாம் வந்து நிக்கிறான். பூஞ்சேரி டீக்கடையில நிக்கிறான். மகாபலிபுரத்துக்கு சிநேகிதக்காரிங்களோட போனா கடற்கரையில நிக்கிறான். எங்கக்கா வூட்டாண்ட நிக்கிறான். கிட்ட வர்றதில்ல, பேசறதில்ல, நின்னு சிரிக்கிறான். இவ எங்க போறான்னு எங்களுக்கே தெரியறதுக்கு முன்னாடி அவனுக்குத் தெரியுது. இன்னா சொல்றாங்க தெரியுமா சொந்தத்துல? இவளேதான் சொல்லி வரவெக்கிறான்றாங்க."

சபையோரே, இந்தக் கடைசி வரியை நான் இரண்டு முறை கேட்க வேண்டியதாயிற்று. அவளேதான் சொல்லி வரவழைக்கிறாள். ஒருத்தி குற்றமே செய்யாமல் குற்றவாளி ஆகிறாள். ஏன்? சாட்சி சொல்ல வேண்டிய வில்லையின் நாக்கை நான் அறுத்துவிட்டேன். எச்சரிக்க வேண்டிய கைப்பேசியின் வாயை நான் அடைத்துவிட்டேன். அவள் பக்கம் நின்ற இரண்டே சாட்சி. இரண்டையும் ஒரே கடையில், ஒரே ஆள் முடித்து வைத்தான்.

ஸ்கூட்டரை நிழலுக்குத் தள்ளினேன். இருக்கையைக் கழற்றினேன், இல்லை. மிதியடியைப் பெயர்த்தேன், இல்லை. முன்பக்கத் தகட்டைக் கழற்றினேன். ஒயர்களுக்கு நடுவில், கறுப்பு டேப் சுற்றிய ஒரு வில்லை. டேப்பைப் பிரித்தேன். விளிம்பில் கீறல். சிற்பி தன் சிலையைக் கண்டுகொள்வதுபோல நான் என் கீறலைக் கண்டுகொண்டேன். ஜாய்ஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க வேலையா அங்கிள்?"

"என் வேலைதாம்மா."

அந்த வில்லையைக் கைப்பேசியோடு ஒட்டிக் காட்டினால் அதன் வரிசை எண்ணும், சொந்தக்காரர் கைப்பேசி எண்ணின் கடைசி இலக்கங்களும் திரையில் வரும். வந்தன. அதைப் படம் எடுத்துக்கொண்டு நான்கு பேரும் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். நான் செய்ததை எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். என் வாழ்க்கையில் மிகைப்படுத்தாமல் எழுதிய ஒரே ஒரு பக்கம் அதுதான். வழக்கு நடக்கிறது. அதற்கு மேல் மேடையில் பேசுவது முறையல்ல.

வெளியே வந்து மன்னிப்புக் கேட்டேன். மேடைப் பேச்சாளன் அல்லவா, மன்னிப்பையும் அடுக்கு மொழியில் தயாரித்து வைத்திருந்தேன். இரண்டாவது அடுக்கில் ஜாய்ஸ் நிறுத்திவிட்டாள்.

"அதெல்லாம் அப்புறம் அங்கிள். நான் நாப்பது வாட்டி அமுக்கியிருப்பேன். ஒரு வாட்டி சத்தம் வந்திருந்தா போதும். இன்னொரு பொண்ணு அமுக்கினா வரணும். அதுக்கு இன்னா செய்வீங்க, அதச் சொல்லுங்க."

ஹபீபா நீட்டிய ராஜினாமாக் கடிதத்தைத் தாயார் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. ஜாய்ஸே அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கிழிக்கவில்லை. அவள் இன்னும் வேலைக்குப் போகிறாள். கடிதம் இன்னும் பையில் இருக்கிறது. அதைக் கிழிப்பதா, கொடுப்பதா என்பது நம் சங்கம் போன்றவர்கள் என்ன செய்கிறோம் என்பதையும் பொறுத்தது.

அவள் கேட்டதற்கு நான் கொண்டுவந்த விடைதான் இந்த ஒற்றை வரித் தீர்மானம். இப்போது எதிர்ப்பு. கடைசி வரிசையிலிருந்து கை உயர்கிறது. சொல்லுங்கள், கருப்பன் அண்ணாத்த. மைக் வேண்டாம், உங்கள் குரல் மைக்குக்குத் தாய்மாமன்.

"அப்ப என் வண்டிக்கு இன்னா வழி பாய்? நாளைக்கி சத்தம் போட்டுச்சின்னா தூக்கிக் கால்வாயில கடாசிட்டுப் பூடுவான். நான் இன்னாத்த ஓட்றது?"

கேட்டீர்களா? இது வீம்புக் கேள்வி அல்ல, வயிற்றுக் கேள்வி. இதற்கு நான் பூ சுற்றப் போவதில்லை. இந்தத் தீர்மானம் நிறைவேறினால், என்றோ ஒருநாள் ஒரு திருடன் சத்தம் கேட்டு டேக்கை எறிவான். ஒரு வண்டி கிடைக்காமல் போகும். அது உங்கள் வண்டியாகவும் இருக்கலாம். முபஷ்ஷிர் நடந்துதான் கடைக்குப் போகிறான். எல்லாம் பாதுகாப்பாக இருக்கும் என்று சொல்லுகிறவனை நம்பாதீர்கள், அவன் ஏதோ விற்கிறான்.

ஆனால் அண்ணாத்த, உங்கள் திருடனின் வாக்குமூலத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். போன் சொன்னது. அமுக்கினேன். சத்தம் வரவில்லை. போன் பொய் சொல்கிறது என்று விட்டுவிட்டேன். இதையேதான் ஜாய்ஸ் என் கடையில் நின்று சொன்னாள். ஓர் எழுத்துக் கூடவில்லை, ஓர் எழுத்துக் குறையவில்லை. உங்கள் கள்வனைக் கட்டிப் போட்ட மௌனமும், இந்தப் பெண்ணைக் கட்டிப் போட்ட மௌனமும் ஒரே மௌனம். அந்த மௌனத்துக்குக் கள்வன் யார் என்று தெரியுமா? காவல் யார் என்று தெரியுமா? துரத்துகிறவன் யார், துரத்தப்படுகிறவள் யார் என்று அதற்குத் தெரியுமா? தெரியாது. அதைச் செய்த எனக்கே தெரியவில்லை. உளுந்துக்கு எப்படித் தெரியும்?

வண்டிக்கு வழி இருக்கிறது. பேட்டரியோடு இணைத்து, சொந்தமாக சிம் போட்டு, வண்டி எண்ணோடும் உரிமையாளர் பெயரோடும் பதிவு செய்கிற ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. அது வண்டியோடு பிறந்தது போல வண்டியில் கிடக்கும். நம் கடைக்கு வருகிறவர் வண்டியையும் பதிவுச் சான்றையும் கொண்டு வரட்டும், நாம் மாட்டுவோம். டேக் என்பது தொலைந்த சாவிக்கு, மறந்த பைக்கு. திருடனைப் பிடிக்க அதை அனுப்பியது பூனையை அனுப்பி மாடு மேய்த்த கதை. உங்கள் குட்டியானைக்கு முதல் கருவியை நானே மாட்டித் தருகிறேன். அது போதுமா என்றால், முழுக்கப் போதாது. முன்பு இருந்ததைவிடச் சற்றுக் குறைவாகத்தான் தூக்கம் வரும். அந்தக் குறைந்த தூக்கத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

தீர்மானத்தோடு இரண்டு திருத்தங்களையும் சேர்க்க வேண்டுகிறேன். ஒன்று, எச்சரிக்கை வந்தது என்று எவர் வந்தாலும், பேருந்து, பக்கத்து இருக்கை என்று பதில் சொல்வதற்கு முன், அவருடைய பையையும் வண்டியையும் நம் கையால் கழற்றிப் பார்க்க வேண்டும். பார்க்காமல் அந்த எச்சரிக்கையை அணைக்கிறவர் சங்கத்தில் ஓராண்டு இருக்கக் கூடாது. இந்த விதி முன்பு அணைத்தவருக்கும் பொருந்தும். அப்படி அணைத்ததாகக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டவர் இந்த மண்டபத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார். இன்னொன்று, ஊமையாக்கிய டேக்குகளை அவரவர் தேடித் திரும்ப வாங்க வேண்டும்.

நான் ஊமையாக்கியவை எழுபத்தொன்று. இரண்டு மாதமாக வீடு வீடாக அலைகிறேன். கெஞ்சினேன், புதிய டேக் தருகிறேன் என்றேன். முப்பத்தெட்டு திரும்பி வந்தன. மீதி முப்பத்து மூன்று. முப்பத்து மூன்றும் இந்த நிமிடம் எங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று ஒரு லாரியின் இருக்கைக்கு அடியில் இருக்கலாம். ஒன்று ஒரு படகு இன்ஜினில் இருக்கலாம். ஒன்று? கல்லூரிக்குப் போகும் ஒரு பிள்ளையின் பைத் தையலுக்குள் இருக்கலாமா? ஒன்று? மணமுறிவு வாங்கி ஊர் மாறிப்போன ஒருத்தியின் வண்டித் தகட்டுக்குள் இருக்கலாமா? ஒன்று? நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் இருக்கலாமா? எனக்குத் தெரியாது. அமுக்கிப் பார்த்தால் தெரியுமா? தெரியாது. அது தெரியக் கூடாது என்பதற்காகத்தானே நான் அவ்வளவு நுணுக்கமாக வேலை செய்தேன்.

பேசி முடித்தேன். தலைவர் அவர்களே, வாக்கெடுப்பைத் தொடங்கலாம். ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். அடுத்தவர் தூக்குகிறாரா என்று பார்த்துத் தூக்க வேண்டாம்.

கருப்பன் அண்ணாத்த, நீங்கள் உறுப்பினர் இல்லை, உங்களுக்கு வாக்கு இல்லை. கையை ஏன் தூக்குகிறீர்கள்? என்ன? பின்னால் சற்று அமைதி, அவர் சொல்வது கேட்கவில்லை.

"வண்டிய அப்பால பாத்துக்கலாம் பாய். என் பொண்ணுக்கு ஸ்கூட்டரு கீது. வூட்டாண்டதான் நிக்குது. ரெண்டு வாரமா அவ போனு ஏதோ சொல்லிகினு கீதுன்றா. பஸ்ஸு கிஸ்ஸா இருக்கும்னு நாந்தான் சொன்னேன். கூட்டம் முடிஞ்சதும் வந்து கழட்டிப் பாக்கறியா?"

கூட்டம் முடியும்வரை எதற்கு, அண்ணாத்த? வண்டியை எடுங்கள்.

தலைவர் அவர்களே, என் கையை எண்ண வேண்டாம், அது ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டிருக்கிறது. என் மிகைகளைப் பொறுத்தவர்களுக்கும், மிகையில்லாத இடத்தில் சிரிக்காமல் இருந்தவர்களுக்கும் என் நன்றி. தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம், ஸலாம். கொஞ்சம் வழி விடுங்கள்.